துன் சம்பந்தன்: தன் நிலத்தை விற்றவர், தோட்டத்தை வாங்க வைத்தவர்

துன் வீ.தி. சம்பந்தன் என்றதும் நம் மாணவர்கள் பலருக்குப் பிரிக்பீல்ட்ஸ் சாலைதான் நினைவுக்கு வருகிறது. அமைச்சர், ம.இ.கா. தலைவர் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். பேராக்கில் பால்மரக் குடும்பத்தில் பிறந்த எனக்கு அவரை ஒரு தோட்ட உரிமையாளரின் மகனாகப் பார்க்கத்தான் தோன்றுகிறது. அவருடைய வாழ்க்கையை அப்படிப் படித்தால்தான் அதிலுள்ள முரண் விளங்கும்.

ஈப்போவுக்கு வடக்கே உள்ள சுங்கை சிப்புட்டில் 1919 ஜூன் 16ஆம் நாள் பிறந்தார். முழுப்பெயர் திருஞானசம்பந்தன். தந்தை எம்.எஸ். வீராசாமி 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்கு வந்தவர். அந்தக் காலத்தில் வந்த தமிழர்களில் பெரும்பாலோர் கூலி வேலைக்குத்தான் வந்தார்கள். வீராசாமியோ சுங்கை சிப்புட் வட்டாரத்தில் சொந்தமாக ரப்பர் பயிரிட்ட முன்னோடிகளில் ஒருவரானார். மகன் படித்தது கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில். 1877இல் நடப்பட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று மரமாகி இன்றும் அந்த ஊரில் நிற்கிறது. போனால் பார்த்துவிட்டு வாருங்கள், நம் கதை முழுவதும் அந்த மரத்திலிருந்துதான் தொடங்குகிறது.

பிறகு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தார். வெள்ளையனே வெளியேறு போராட்டம் நடந்த காலம் அது. காந்தியின் பற்று அங்கே ஒட்டிக்கொண்டது, கடைசிவரை போகவில்லை. மலாயா திரும்பியபின், 1948இல், அவருடைய 29ஆம் பிறந்தநாளன்று, சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்தது. அந்த அச்சம் அடங்காத நாளிலேயே, 1954இல், அதே ஊரில் மகாத்மா காந்தி தமிழ்ப்பள்ளியை எழுப்பினார். திறந்து வைத்தவர் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட்.

அடுத்த ஆண்டு ம.இ.கா. தலைவரானார், தேர்தலில் வென்றார், தொழிலாளர் அமைச்சரானார். பின் சுகாதாரம், பொதுப்பணி, தபால், தந்தி என்று பல பொறுப்புகள். 1963 ஜூலையில் லண்டனில் மலேசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். இவை பாடநூலில் இருப்பவை. பாடநூல் வேகமாகத் தாண்டிவிடுகிற இடத்துக்கு வருகிறேன்.

சுதந்திரம் நெருங்கியபோது வெள்ளைக்காரக் கம்பெனிகள் சில தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. முழுத் தோட்டத்தையும் ஓர் இடைத்தரகுக் குழு வாங்கும். ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று துண்டு போட்டு விற்கும். மொத்தமாக விற்பதைவிடத் துண்டாக விற்றால் ஏக்கருக்குக் கூடுதல் விலை, அதுதான் லாபம். இதற்குப் பெயர் தோட்டத் துண்டாடல். நூறு ஏக்கருக்குக் குறைந்தது அரசுக் கணக்கில் தோட்டமே அல்ல. பத்து ஏக்கர் வாங்கிய பட்டணத்துக்காரருக்கு லயம் எதற்கு, பிள்ளைக் கொட்டகை எதற்கு, தமிழ்ப்பள்ளி எதற்கு? மூன்று தலைமுறையாக அங்கே இருந்தவர்கள் வேலையோடு வீட்டையும், வீட்டோடு பள்ளியையும் ஒரே நாளில் இழந்தார்கள். பலரிடம் குடியுரிமைத் தாள்கூட இல்லை. பேராசிரியர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பற்றித் தனி ஆய்வே செய்தார். பொருளாதாரம் படிக்கும் மாணவர்கள் அதைத் தேடிப் படிக்கலாம்.

தடுக்கச் சட்டம் வருமா என்று காத்திருக்காமல் சம்பந்தன் வேறொரு வழியைப் பிடித்தார். விற்கிற தோட்டத்தை வெட்டுகிறவனே வாங்கிவிட்டால் என்ன? 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்கு போட வேண்டும். சொல்லும்போது எளிது. அன்று பத்து வெள்ளி என்பது சில நாள் கூலி. அமைச்சர் தோட்டம் தோட்டமாகப் போய், திடலிலும் கோயில் வாசலிலும் நின்று தமிழில் பேசி அதைக் கேட்டார். எங்கள் வீட்டில் இதற்காகப் பெரிய வாக்குவாதமே நடந்ததாகப் பாட்டி சொல்வார். தீபாவளித் துணியா, பங்கா என்பது கேள்வி. தாத்தா பங்கு பக்கம், பாட்டி துணி பக்கம். அந்த ஆண்டு துணி வென்றது, அடுத்த ஆண்டு பங்கு வென்றது.

சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவில் உள்ள புக்கிட் சீடிம். கே.ஆர். சோமசுந்தரம் போன்றவர்கள் துணையாக நின்று சங்கத்தை வளர்த்தார்கள். நாளடைவில் பதினெட்டுத் தோட்டங்கள், 85,000 உறுப்பினர்கள் என்று அது விரிந்தது. துண்டாடப்பட்ட தோட்டங்களோடு ஒப்பிட்டால் காப்பாற்றப்பட்டவை குறைவுதான், மறுப்பதற்கில்லை. பங்குதாரர் ஆனபின்பும் தொழிலாளி விடியற்காலையில் வாளியோடு நிரையில் நிற்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் லயத்தைக் காலி செய்யச் சொல்லி யாரும் வரவில்லை. அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமில்லை.

இப்போது முரணுக்கு வருவோம். தொழிலாளிகளை நிலம் வாங்கச் சொன்னவர் தன் நிலத்தை விற்றுக்கொண்டிருந்தார். தந்தை விட்டுப்போன ரப்பர் நிலம் சுமார் 600 ஏக்கர். கட்சியிடம் பணமில்லை. கட்சிச் செலவுக்காக அந்த நிலத்தின் ஒரு பகுதியை அவர் விற்றார். நம் வீடுகளில் ஒருவர் இப்படிச் செய்தால் மெச்சமாட்டோம். அப்பா சேர்த்ததை அழிக்கிறான் என்போம். மனைவி உமாசுந்தரியும் ஒரே மகளும் உள்ள குடும்பம் அவருடையது. அதை நினைக்கும்போது முழுமனதோடு பாராட்ட எனக்கே கொஞ்சம் தயக்கம் வருகிறது. ஆனால் அந்த வீடு அவரோடு நின்றது. உமாசுந்தரியும் பொதுவாழ்வில் இறங்கி, பெண்கள் அமைப்புகளில் நெடுங்காலம் உழைத்தார். அரசியலுக்கு வந்து நிலம் சேர்த்தவர்களை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். நிலத்தோடு வந்து குறைத்துக்கொண்டவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று தெரியாமல்தான் மறந்துவிட்டோமோ என்னவோ.

கட்சிக்குள் அவருக்கு எதிர்ப்பும் இருந்தது. மென்மையாகப் பேசுகிறார், இந்தியர்களுக்காக அழுத்திக் கேட்பதில்லை என்றார்கள். 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள். அந்தக் குறைகூறலை ஒதுக்கிவிட முடியாது. 1973இல் தலைமைப் பதவியை விட்டு விலகினார். அவருக்குப் பின் வந்தவர் வெ. மாணிக்கவாசகம். அமைச்சர் பதவியும் 1974இல் முடிந்தது.

சங்கத்தை மட்டும் அவர் விடவில்லை. தோட்டக் கணக்கும் பங்குக் கணக்கும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். 1979 மே 18ஆம் நாள் காலமானபோதும் அவர் அதன் தலைவர்தான். அறுபதாம் பிறந்தநாளுக்கு இன்னும் 29 நாள் இருந்தது.