வருங்கால மாந்தரைக் கண்ட ஹால்டேன்

கீழுயிர்களினின்று படிப்படியாக வளர்ந்து வந்தவன் மனிதன் என்பர் அறிவியலார். அங்ஙனமாயின் அவ்வளர்ச்சி நம்மோடு நின்றுவிடுமோ? நம்மினும் அறிவு மிக்க இனம் ஒன்று பின்னாளில் தோன்றுமோ? இவ்வினாவைக் கணக்காகவும் கற்பனையாகவும் ஆராய்ந்த பேரறிஞர் ஒருவர் இந்தியக் குடிமகனாகவே மறைந்தார் என்பதை நம்மில் பலர் அறியார். அவரே ஜே. பி. எஸ். ஹால்டேன்.

இவர் 1892 நவம்பர் 5ஆம் நாள் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். தந்தையார் சுரங்கக் காற்றை ஆராய்ந்தவர். அதற்குத் தம் உடலையே களமாக்கியவர். மகனையும் ஒருநாள் சுரங்கத்துள் அழைத்துச் சென்று, எழுந்து நின்று நாடகப் பகுதி ஒன்றை ஒப்புவிக்கச் சொன்னார். சிறிது நேரத்தில் சிறுவன் தளர்ந்து தரையில் வீழ்ந்தான். வீழ்ந்ததும் மூச்சு எளிதாயிற்று. தீய காற்று மேலே நிற்கும், நல்ல காற்று கீழே நிற்கும் என்னும் பாடம் அத்துடன் முடிந்தது! இத்தகைய தந்தையிடம் பயின்றவருக்கு அறிவியல் பட்டம் தேவைப்படவில்லை போலும். கல்லூரியில் அவர் கற்றவை கணிதமும் பண்டை இலக்கியமும் தத்துவமுமே.

முதல் உலகப் போரில் மெசபட்டோமியாவில் காயமுற்று, நலம்பெற இந்தியாவுக்கு வந்தார். ஆள்வோர், ஆளப்படுவோர் என்னும் வேற்றுமை அவர் உள்ளத்தை உறுத்திற்று. இந்தியரோடு சமமாகப் பழகக்கூடிய காலத்திலேயே மீண்டும் வருவதென உறுதி பூண்டார்.

1924 முதல் அவர் எழுதிய கட்டுரைகள் டார்வினின் இயற்கைத் தேர்வை மெண்டலின் மரபு விதிகளோடு இணைத்துக் கணக்கில் அடக்கின. 1927இல் ‘இறுதித் தீர்ப்பு’ என்னும் பொருள்படும் கற்பனைக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். கடல் ஏற்றவற்றத்தின் ஆற்றலை மாந்தர் அளவின்றிச் செலவிட, நிலவு நெருங்கிவந்து சிதறி உலகை அழிக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து உருவாக்கிய புதியதோர் இனம் வெள்ளிக்கோளில் குடியேறித் தப்புகிறது. இக்கற்பனையின் சாயலை ஓலாஃப் ஸ்டேபிள்டன் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1930இல் வெளியிட்ட பெரு நாவலில் காணலாம். அதில் 200 கோடி ஆண்டுகளில் 18 மனித இனங்கள் தோன்றுகின்றன. அவற்றுள் ஒன்று பெருமூளையே உருவானது. அது தன்னைப் படைத்தவரையே அடிமைகொண்டு அழிக்கிறது. அறிவு பெருகினால் அன்பும் பெருகும் என்று எண்ணுவோர் அப்பகுதியைப் படித்தல் நன்று.

மேலான இனத்தைக் கனவு கண்ட ஹால்டேன், இன்று வாழ்வோருள் ஓரினம் பிறப்பால் மேலானது என்பதை ஏற்றாரல்லர். 1938இல் எழுதிய நூலில் இனத்தூய்மை பேசுவோரின் வாதங்களை மரபியல் கொண்டே மறுத்தார். எனினும் குறையும் உண்டு. சோவியத் நாட்டில் மரபியலாளர் ஒடுக்கப்பட்டு, வவிலோவ் 1943இல் சிறையில் மாண்ட பின்னரும், பொதுவுடைமைப் பற்றால் நெடுநாள் வெளிப்படையாகக் கண்டிக்கத் தயங்கினார். கோடி ஆண்டுகட்கு அப்பால் கண்ட கண்ணுக்கு அண்மை தெரியாமற்போனது விந்தையே.

1957இல் மனைவியார் ஹெலனுடன் கல்கத்தா வந்து, மகலநோபிஸ் நிறுவிய புள்ளியியல் கழகத்தில் சேர்ந்தார். விலையுயர்ந்த கருவிகள் இல்லையே என ஏங்காது, கண்ணெதிரே உள்ளதை எண்ணிப் பார்க்குமாறு இளைஞரைத் தூண்டினார். நம் முற்றத்துத் தென்னையை அண்ணாந்து பார்த்தால், ஓலைகள் இடமாகவோ வலமாகவோ சுற்றி அமைந்திருத்தல் புலனாகும். காயங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த டி. ஏ. டேவிஸ், பின்னர் ஹால்டேன் குழுவில் சேர்ந்து இதனை ஆய்ந்தார். இடச்சுற்று மரங்கள் சற்று மிகுதியாகக் காய்க்கும் என்றும், அச்சுற்று மரபுவழி வருவதன்று என்றும் கண்டார். எத்தனை தலைமுறையாகத் தென்னையேறியும் நம்மவர் இதனை எண்ணிப் பார்த்தோமில்லை!

1961இல் ஹால்டேன் இந்தியக் குடியுரிமை பெற்றார். வேட்டியும் ஜிப்பாவுமே உடை; மரக்கறியே உணவு. 1962இல் புவனேசுவரம் சென்றவர், புற்றுநோயால் 1964 டிசம்பர் 1ஆம் நாள் அங்கேயே மறைந்தார். அவர் விருப்பப்படி அவருடல் மாணவர் கற்கும்பொருட்டுக் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது. ஊருக்குள்ளேயே மருத்துவக் கல்லூரியைக் கொண்ட காரக்கோணத்து நம்மவர்க்கு அக்கொடையின் அருமை விளங்கும்.

அவர் விட்டுச்சென்ற அறிவியல் நாவல் ஒன்று 1976இல் அச்சேறிற்று. தன் நினைவோடு வேற்றுலகத்தான் ஒருவனின் நினைவையும் சுமந்து வாழும் மனிதனின் கதை அது.