இரு முனையிலும் கேட்ட மணி: குற்றித் தொலைபேசியை உருவாக்கிய வில்லியம் கிரே

மலையகத் தோட்டங்களில் ரெலிபோன் வெகுகாலம் இரண்டு இடங்களில்தான் இருந்தது. ஒன்று துரை பங்களா, மற்றது தோட்டக் கந்தோர். லயத்தில் ஒரு பெண்ணுக்கு நடுச்சாமத்தில் வலி கண்டால், டவுன் ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்ல வேண்டுமென்றால், புருசன்காரன் கந்தோர் வாசலில் போய்த்தான் நிற்க வேண்டும். பெரிய கிளாக்கர் ஐயா மனம் வைத்தால் பேசலாம். மனம் வைக்காவிட்டால் கம்பளியில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். பேசுவதற்குரிய காசு கையில் இருந்தாலும் அதை வாங்கிக்கொள்ள அங்கே வழி இருக்கவில்லை. அந்த ரெலிபோனுக்குத் தேவைப்பட்டது காசல்ல, தயவு.

அப்படி வாசலில் நின்று பழகியவர்களுக்கு, 1888இல் ஐக்கிய அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலை வாசலில் நின்ற வில்லியம் கிரேயின் கதை அந்நியமாக இருக்காது.

கிரே 1850இல் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். அந்த மாநிலத்தின் ஹார்ட்போர்ட் நகரில் இயங்கிய பிராட் அன்ட் விட்னி என்ற இயந்திரத் தொழிற்சாலையில் உலோகத்தை மினுக்கும் பிரிவில் வேலை செய்தார். நாள் முழுவதும் உலோகத் தூளுக்கு நடுவே நிற்கும் வேலை. கைவேலைக்காரர், எதையாவது உருவாக்கிப் பார்க்கும் குணமும் அவருக்கு இருந்தது. பேஸ்போல் விளையாட்டில் அடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவரின் நெஞ்சில் பந்து பட்டுக் காயப்படுவதைக் கண்டு, காற்றடைத்த இறப்பர் நெஞ்சுக் கவசம் ஒன்றைச் செய்தார். விளையாட்டுப் பொருட்கள் விற்கும் ஸ்போல்டிங் நிறுவனம் அதனை எடுத்து விற்றது. அவரை உலகம் நினைவில் வைத்திருப்பது அதற்காக அல்ல.

வழிவழியாகச் சொல்லப்படும் கதை இது. கிரேயின் மனைவி கடுமையாக நோயுற்றார். வைத்தியரை உடனே அழைக்க வேண்டும். வீட்டில் தொலைபேசி இல்லை. பக்கத்திலுள்ள தொழிற்சாலையில் இருந்தது. ஓடிப்போய்க் கேட்டார். மறுத்துவிட்டார்கள். மன்றாடிய பிறகே பேச விட்டார்கள். வைத்தியர் வந்தார், மனைவி பிழைத்தார். ஆனால் ஓர் அழைப்புக்காகக் கெஞ்ச வேண்டி வந்தது கிரேயின் மனதில் தங்கிவிட்டது.

மறுத்தவரைக் கல்நெஞ்சர் என்று சொல்லிவிட்டுக் கடந்து போகலாம். ஆனால் அன்றைய முறையே அப்படித்தான் இருந்தது. கிரகாம் பெல்லுக்குத் தொலைபேசியின் காப்புரிமை கிடைத்தது 1876இல். இரண்டு வருடங்களில், 1878 ஜனவரியில், அதே கனெக்டிகட்டின் நியூ ஹேவனில் வணிக ரீதியான முதல் தொலைபேசி இணைப்பகம் திறக்கப்பட்டது. வசதியுள்ளவர்களும் வியாபார நிறுவனங்களும் சந்தா கட்டித் தொலைபேசி வைத்திருந்தார்கள். சந்தா கட்டாதவரைப் பேச அனுமதிக்க வேண்டாம் என்பதே கம்பனிகளின் விதி. பொதுமக்கள் பேசுவதற்கென்று சில இடங்கள் இருந்தன. ஆனால் அங்கே காசு வாங்குவதற்கு ஓர் ஊழியர் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனால் தொலைபேசியும் பூட்டப்பட்டது போலத்தான்.

கிரேயின் கேள்வி எளிமையானது. ஆள் இல்லாத இடத்தில், முகம் தெரியாத ஒருவர் காசு கட்டினார் என்பதைத் தூரத்தில் உள்ள இணைப்பகத்துக்கு எப்படித் தெரியப்படுத்துவது?

அவருடைய முதல் யோசனை, பேசும் வாயை ஒரு மூடியால் அடைத்து வைப்பது. காசு போட்டால் மூடி திறக்கும். அது சரிவரவில்லை. மூடி திறந்ததா என்பது இணைப்பகத்தில் இருப்பவருக்குத் தெரியாது. பக்கத்து ஊருக்குப் பேசுபவரும் தூரத்து நகரத்துக்குப் பேசுபவரும் வெவ்வேறு தொகை கட்ட வேண்டும் என்பது மூடிக்கும் தெரியாது. பிறகுதான் வழி புலப்பட்டது. தொலைபேசி என்பதே ஓசையைக் கடத்தும் கருவி. அப்படியானால், விழும் காசே ஓசை எழுப்பட்டும்.

அந்தப் பெட்டி வேலை செய்த விதம் இதுதான். குற்றி துவாரத்தின் வழியே உள்ளே சரிந்து போகும்போது ஒரு மணியைத் தட்டும். அந்த ஓசை பேசும் வாய் வழியாகக் கம்பியில் ஏறி இணைப்பகப் பெண்ணின் காதுக்குப் போகும். பிற்காலத்தில் அமெரிக்காவெங்கும் பரவிய மூன்று துவாரப் பெட்டியில் இந்த மொழி நிலைபெற்றது. 5 சதக் குற்றி விழுந்தால் மணி ஒரு தடவை அடிக்கும், 10 சதத்துக்கு இரண்டு தடவை, 25 சதத்துக்குக் கனத்த வேறோர் ஓசை. ஒவ்வொரு குற்றிக்கும் தனித் துவாரம், தனிப் பாதை. இணைப்பகப் பெண் ஓசையை எண்ணிக் கூட்டிக்கொள்வார். கணக்குச் சரியென்றால் பேச்சுத் தொடரும்.

1889 ஆகஸ்ட் 13இல் கிரேக்குக் காப்புரிமை கிடைத்தது. அதே வருடம் ஹார்ட்போர்ட் நகரின் வங்கி ஒன்றில் முதல் பெட்டி பொருத்தப்பட்டது. அதில் முதலில் அழைப்பு, பிறகு காசு. இணைப்பகப் பெண் அடுத்த முனையைப் பிடித்துக் கொடுத்ததும் குற்றியைப் போடச் சொல்வார். மணி கேட்ட பிறகு பேசலாம். 1891இல் கிரே தன் பெயரிலேயே ஒரு கம்பனி தொடங்கினார். அதற்குக் கைகொடுத்தவர்கள் அவர் மினுக்கு வேலை செய்த தொழிற்சாலையின் உரிமையாளர்களான பிராட்டும் விட்னியும். அதன் பிறகும் அவர் ஓயவில்லை. பெட்டியைத் திருத்தித் திருத்தி இருபதுக்கும் மேற்பட்ட காப்புரிமைகளைப் பெற்றார். 1898இல் சிக்காகோவில் முதலில் காசு, பிறகு அழைப்பு என்ற முறை வந்தது. 1902இல் ஐக்கிய அமெரிக்காவில் சுமார் 81,000 கட்டணத் தொலைபேசிகள் இருந்தன. அடுத்த வருடம், 1903இல், கிரே காலமானார். வயது ஐம்பத்திரண்டு.

அவர் விட்டுப்போன பெட்டிக்குள் பிறகு நடந்தது நீண்டதொரு கள்வன் பொலிஸ் விளையாட்டு. ஈயத் துண்டையும் இரும்பு வில்லையையும் போட்டுப் பேச முயன்றவர்கள் பலர். அதற்கேற்பப் பெட்டியும் கெட்டிக்காரத்தனம் பழகியது. துவாரத்தின் அகலம் பெரிய வில்லையை நிறுத்தியது. குறுக்களவு குறைந்தது வழியிலேயே நழுவி வெளியே விழுந்தது. நிறை போதாதது தட்டைச் சாய்க்காமல் திரும்பி வந்தது. காந்தம் இரும்பைப் பிடித்துக்கொண்டது. நல்ல நாணயம் காந்தத்தின் பக்கமாகப் போகும்போது குறிப்பிட்ட அளவு வேகம் குறையும். போலி அந்த அளவுக்கு ஒத்துவராமல் தவறான வழியில் விழும்.

காசைத் திருப்பிக் கொடுக்கும் முறையும் வந்தது. போட்ட குற்றி உடனே உண்டியலுக்குள் போகாமல் ஒரு கிண்ணத்தில் காத்திருக்கும். அழைப்புக் கிடைத்தால் இணைப்பகத்திலிருந்து ஒரு திசையில் மின்சாரம் பாய்ந்து குற்றியை உண்டியலுக்குள் தள்ளும். கிடைக்காவிட்டால் எதிர்த்திசையில் பாய்ந்து, குற்றியைப் போட்டவரின் கைக்கே திருப்பி அனுப்பும். பிரித்தானியப் பெட்டிகளில் 1925 முதல் இந்த வேலையைச் செய்தவை ஏ, பி என்ற இரண்டு பொத்தான்கள். மறுமுனையில் குரல் கேட்டால் ஏ, கேட்காவிட்டால் பி.

கடைசியில் மணியின் இடத்தை மின் ஒலி பிடித்தது. அமெரிக்காவில் 5 சதத்துக்கு ஒரு விட்டொலி, 10 சதத்துக்கு இரண்டு, 25 சதத்துக்கு விரைவான ஐந்து. அந்த ஒலியைப் பதிவு செய்து ஒலிக்கவிட்டே ஏமாற்றினார்கள் சில விளையாட்டுப் பிள்ளைகள். காதை நம்பிய முறைக்கு அதுவே பலவீனமாகவும் ஆனது.

ஆனாலும் கிரேயின் மணியில் ஒரு நேர்மை இருந்தது. அந்த ஓசை கம்பனியின் காதுக்கு மட்டும் போகவில்லை. காசு போட்டவரும் அதே ஓசையை அதே கணத்தில் கேட்டார். போடவில்லை என்று கம்பனி சொல்ல முடியாது, போட்டேன் என்று இவர் பொய் சொல்லவும் முடியாது. கட்டியதற்கான சாட்சி இரு பக்கத்துக்கும் ஒன்றுதான்.

மலையகத்தின் கணக்கு வரலாற்றைப் பார்த்தால் இது சாதாரண விடயமல்ல என்பது புரியும். துண்டு முறையை எடுத்துக்கொள்வோம். ஒரு தோட்டத்தை விட்டுப் போகும் தொழிலாளிக்கு எவ்வளவு கடன் என்று எழுதிய கடதாசிதான் துண்டு. அந்தத் தொகையைக் கட்டும் தோட்டம் அவரை எடுத்துக்கொள்ளும். கங்காணிக்கும் துரைக்கும் இடையில் கைமாறிய அந்தக் கடதாசியில் என்ன எழுதியிருந்தது என்பதை, யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவரால் பெரும்பாலும் வாசிக்க முடியவில்லை. 1921இல் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. துண்டு போனாலும் தராசு இருந்தது. கொழுந்து நிறுக்கும்போது பைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். கிலோ குறைந்தால் செக்றோலில் அரைப்பேர். இந்தக் கழிவைப் பற்றிய முறைப்பாடு இன்றும் ஓயவில்லை. கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே ஓசையைக் கேட்கும் ஏற்பாடு கொழுந்து மடுவத்துக்கு முழுதாக இன்னும் வந்து சேரவில்லை.

யுத்த காலத்தில் இந்தக் காசுப் பேச்சு எங்களுக்கு என்னவாக இருந்தது என்பதை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஹற்றனிலும் நுவரெலியாவிலும் குற்றி போடும் பெட்டிகளும் பிறகு அட்டை போடும் கூண்டுகளும் கொமியூனிகேஷன் கடைகளும் வந்தன. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்த தோட்டத்துப் பிள்ளைகள், தமிழர் என்ற காரணத்தால் சுற்றிவளைப்பில் பிடிபட்ட காலம் அது. மகன் இரவு அறைக்குத் திரும்பினானா என்று அறிய, பொகவந்தலாவையிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் தாய்மார் பஸ் ஏறி டவுனுக்கு வந்தார்கள். 1977இலும் 1983இலும் அடிபட்டு வன்னிக்குப் போய்க் குடியேறிய மலையகக் குடும்பங்களுக்கு 1990களில் அந்த வசதியும் இருக்கவில்லை. வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் குரலைக் கேட்க வடக்கின் மக்கள் வவுனியாவுக்கு வந்து, கொமியூனிகேஷன் வாங்கில்களில் முறை பார்த்துக் காத்திருந்தார்கள்.

மீற்றரில் இலக்கங்கள் ஓட ஓட, கையிலுள்ள ரூபாவை எண்ணிக்கொண்டு பேசினோம். சுகமா, சாப்பிட்டாயா, கவனம் என்ற மூன்று சொற்களுக்குள் பேச்சை முடித்தவர்கள் ஏராளம். விலை அதிகம்தான். ஆனால் காசைக் கட்டியபின் எவருக்கும் நன்றிக்கடன் இல்லை. ஏன் அழைக்கிறாய், யாரை அழைக்கிறாய் என்ற கேள்விக்குக் கந்தோர் வாசலில் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இன்று குற்றித் தொலைபேசி காட்சிப் பொருளாகிவிட்டது. லயத்துப் பிள்ளையின் கையிலும் செல்போன் இருக்கிறது. மீதிப் பணம் எவ்வளவு என்று குறுஞ்செய்தி வருகிறது. கிரேயின் பெயரை எவரும் சொல்வதில்லை. மினுக்கு வேலை செய்த அந்த மனிதர் பெரிய தத்துவம் எதையும் சொல்லிவிட்டுப் போகவில்லை. நோயுற்ற மனைவிக்காக அடுத்தவர் வாசலில் கெஞ்சி நின்ற ஒரு நாளை மறக்காமல் வைத்திருந்தார். இன்னொருவர் அப்படி நிற்காமலிருக்க, ஒரு குற்றியும் ஒரு மணியும் போதும் என்று செய்து காட்டினார்.