இவான் பாவ்லோவ்

இவான் பெத்ரோவிச் பாவ்லோவ் (செப்டம்பர் 26, 1849 – பெப்ரவரி 27, 1936) உருசிய நாட்டைச் சேர்ந்த உடலியங்கியல் அறிஞர் ஆவார். பயிற்சியால் நாயின் நடத்தை மாறுவதை அளந்து காட்டியவர். எனினும் 1904 ஆம் ஆண்டு இவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது செரிமானம் பற்றிய ஆய்வுகளுக்காகவே ஆகும்.

வாழ்க்கைச் சுருக்கம்

பாவ்லோவ் ரியாசான் நகரில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். இறையியல் பள்ளியை விட்டு நீங்கி, 1870 இல் சென் பீட்டர்சுபர்க் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் பயிலச் சேர்ந்தார். 1883 இல் மருத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1891 முதல் அந்நகரின் செய்முறை மருத்துவக் கழகத்தில் உடலியங்கியல் துறைக்குத் தலைமை வகித்தார்.

ஆக்கநிலையுறுத்தம்

உணவு வாய்க்கு வரும் முன்னரே நாய்களுக்கு உமிழ்நீர் சுரப்பதை இவர் ஆராய்ந்தார். தாளமானியின் ஒலிக்குப் பின் உணவு தருவதைப் பலமுறை செய்தபோது, ஒலி மட்டுமே உமிழ்நீரைச் சுரக்க வைத்தது. உணவின்றி ஒலியை மட்டும் தொடர்ந்து எழுப்பினால் இப்பழக்கம் படிப்படியாக மறைந்தது. இது ஆக்கநிலையுறுத்தம் எனப்படுகிறது. இதனை 1903 இல் மாட்ரிட் நகர மாநாட்டில் விளக்கினார்.

பயிற்சியின் எல்லை

பயிற்சி நாய்க்குத் தீங்காகவும் அமையலாம் என்பதை இவரது ஆய்வகம் கண்டறிந்தது. வட்டத்தைக் கண்டால் உணவு உண்டு, நீள்வட்டத்தைக் கண்டால் இல்லை என ஒரு நாய் பழக்கப்பட்டது. நீள்வட்டம் சிறிது சிறிதாக வட்டத்தை நெருங்கியபோது, அச்சுகளின் விகிதம் 9:8 ஆன நிலையில் அதனால் வேறுபாடு காண இயலவில்லை. அமைதியான அந்நாய் ஊளையிட்டது, கருவிகளைக் கடித்தது, முன்பு எளிதாக அறிந்தவற்றையும் இழந்தது.

1924 செப்டம்பரில் லெனின்கிராடு வெள்ளத்தில் மூழ்கியபோது, கூண்டுகளில் இருந்த நாய்கள் நீரில் நீந்த வைத்து மீட்கப்பட்டன. அதன் பின்னர் சில நாய்கள் கற்ற பழக்கங்களைச் சில காலம் இழந்தன. வேறு சில பாதிப்பின்றி இருந்தன. இவ்வேறுபாட்டை நாய்களின் நரம்பு மண்டல வகைகளைக் கொண்டு பாவ்லோவ் விளக்கினார்.

பிறவிக்குணம் மட்டுமே காரணம் என அவர் கருதவில்லை. 1930களில் அவரது உடனாய்வாளர்கள் சில குட்டிகளைக் கூண்டிலும் மற்றவற்றை வெளியிலும் வளர்த்தனர். கூண்டில் வளர்ந்தவை அச்ச இயல்பு மிக்கவையாக இருந்தன. எனவே, நாயின் இயல்பு பிறப்பு, வளர்ப்பு ஆகிய இரண்டாலும் உருவாகிறது என அறியப்பட்டது.

மறைவு

பாவ்லோவ் 1936 இல் நுரையீரல் அழற்சியால் லெனின்கிராடில் காலமானார். ஆய்வுக்கு உதவிய நாய்களின் நினைவாக 1935 இல் அமைக்கப்பட்ட நாய்ச் சிலை செய்முறை மருத்துவக் கழக வளாகத்தில் உள்ளது.