சாலையோரம் பயின்ற மருத்துவம்

சென்னையின் மேற்கு எல்லையான பூந்தமல்லியைக் கடந்து செல்லும் பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ளது ராணிப்பேட்டை. மருத்துவப் பணிக்காக வந்த அமெரிக்கக் குடும்பத்தில், 1870 டிசம்பர் 9-ஆம் தேதி அவ்வூரில் பிறந்தவர் ஐடா ஸ்கட்டர். மருத்துவ மாணவர்கள் குடும்பங்களைத் தத்தெடுக்க வேண்டும் என்பது பாடத்திட்டமாகிவிட்ட இந்நாளில், அவரது வாழ்க்கை மீண்டும் நினைவுகூரத்தக்கது.

அமெரிக்காவில் படித்த ஐடாவுக்கு இந்தியாவில் தங்கும் எண்ணம் இருக்கவில்லை. தாயின் உடல்நலக் குறைவு அவரைத் திண்டிவனத்துக்கு வரவழைத்தது. அங்கு ஒரே இரவில், பேறுகால வேதனையில் தவித்த மனைவியருக்கு உதவி கோரி மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்தனர். ஆண் மருத்துவரான ஐடாவின் தந்தையை அழைத்துச் செல்ல மூவருமே மறுத்தனர். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். ஐடாவை மருத்துவம் படிக்கத் தூண்டியது அந்த இரவுதான். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1899-இல் பட்டம் பெற்று, 1900-இல் வேலூரில் பணியைத் தொடங்கினார். 1902-இல் பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது.

ஆனால், மருத்துவமனைக்கு வர இயலாதோரே கிராமங்களில் மிகுதி என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். 1909-இல் கிடைத்த மோட்டார் வண்டியில் குடியாத்தம் சாலையில் பயணத்தைத் தொடங்கினார். குறித்த நாளில், குறித்த மரத்தடியில் வண்டி நிற்கும், நோயாளிகள் காத்திருப்பர். புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், மருந்து வழங்குவதும், மேல்சிகிச்சை தேவைப்படுவோரை வேலூருக்கு அழைத்துச் செல்வதும் அங்கேயே நடந்தன.

1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை அவர் தொடங்கியபோது, அது நிலைக்குமா என்று ஐயுற்றோர் பலர். முதலாண்டுத் தேர்வெழுதிய 14 மாணவியரும் தேர்ச்சி பெற்று அந்த ஐயத்தைத் துடைத்தனர். சாலையோரப் பயணங்களில் அவர்களும் பங்கேற்றனர். 1942-இல் அப்பள்ளி எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்தது, 1947-இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். ஐடா 1960 மே 24-ஆம் தேதி கொடைக்கானலில் மறைந்தார். குடியாத்தம் வழியிலுள்ள கே.வி.குப்பத்தில் அக்கல்லூரி 1977-இல் நிறுவிய ஊரக நல மையம், அவரது பாதையின் தொடர்ச்சியே.

தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிமுகப்படுத்திய குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தின்படி, முதலாண்டு முதலே மாணவர்கள் குடும்பங்களைச் சந்திக்கின்றனர். போரூர் முதல் தண்டலம் வரை மருத்துவக் கல்லூரிகள் பெருகியுள்ள சென்னையின் மேற்குப் புறநகரில் இதற்கு வாய்ப்புகள் ஏராளம். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடியிலும் பணிபுரியும் தொழிலாளர் குடும்பங்கள், நகரம் விழுங்கிவரும் பூந்தமல்லி சுற்றுவட்டக் கிராமங்கள் என நாடிச் செல்ல வேண்டிய வாசல்கள் பல.

ரத்த அழுத்தத்தை அளந்து, பதிவேட்டை நிரப்பி, கையொப்பம் பெறுவதோடு சந்திப்பு முடிந்துவிட்டால், மாணவருக்கு மதிப்பெண் கிடைக்கும். குடும்பத்துக்கு எதுவும் கிடைக்காது. இரவுப் பணி முடித்து உறங்கும் தொழிலாளியைப் பகல்நேர முகாமில் காண இயலாது என்பதைக்கூட, அந்த வீட்டுக்கு மீண்டும் மீண்டும் செல்பவரே அறிவார்.

ஐடாவின் வண்டி மருந்தோடு சென்றது. மறுவாரமும் வரும் என்ற நம்பிக்கையை விட்டுவந்தது. சேவையும் தொடர்ச்சியும் இணைந்ததால்தான் சாலையோரம் வகுப்பறையாயிற்று. தத்தெடுப்பு என்ற சொல்லுக்குரிய பொறுப்பை நமது கல்லூரிகள் ஏற்க வேண்டும். நோய் கண்டறியப்பட்ட குடும்பத்துக்குச் சிகிச்சையும், அடுத்த சந்திப்புக்கான உறுதியும் கிடைத்தால் மட்டுமே அது கல்வி. இல்லையேல் வெறும் கணக்கெடுப்பு.