புழுவைத் தேடிய தூரிகை

ஆம்ஸ்டர்டாம் செல்வர்களின் பேழைகளில், தொலைதூரக் காடுகளிலிருந்து வந்த பூச்சிகள் ஊசியில் குத்தப்பட்டு அணிவகுத்திருந்தன. பிறர் அவற்றின் அழகில் மயங்கினர். மரியா சிபில்லா மெரியனோ, அவை எந்தப் புழுவிலிருந்து வந்தன, அப்புழு எந்த இலையை உண்டது என்று வினவினார். உயிரற்ற சிறகுகள் அதற்கு விடை கூறவில்லை.

1647ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் பிறந்த மெரியன், மூன்று வயதில் தந்தையை இழந்தார். ஓவியரான மாற்றாந்தந்தை அவருக்குத் தூரிகை பிடிக்கக் கற்பித்தார். பதின்மூன்றாம் வயதில் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கினார். சேற்றிலும் அழுகலிலும் பூச்சிகள் தாமே தோன்றுகின்றன எனப் பலரும் நம்பிய காலம் அது. அவரோ முட்டை, புழு, கூட்டுப்புழு, சிறகுடைய பூச்சி ஆகியவற்றை உணவுச் செடியோடு சேர்த்து வரைந்து, 1679இல் நூலாக வெளியிட்டார்.

1699இல், தம் 52ஆம் வயதில், ஓவியங்களை விற்றுப் பொருள் திரட்டி, இளைய மகளுடன் தென் அமெரிக்காவின் சூரினாமுக்குக் கப்பலேறினார். கரும்பையன்றி வேறொன்றையும் நாடாத தோட்ட முதலாளிகள் அவரை எள்ளினர். புதர் வெட்டி வழியமைத்தவர்களும் செடிகளின் பயன்களைச் சொன்னவர்களும் அடிமைப்படுத்தப்பட்ட மக்களே. அவர்களின் பெயர்களை நூலில் குறிக்காமல் விட்டது மெரியனின் குறையே.

அக்காட்டில் பகலில் பறக்கும் பூச்சியொன்று உண்டு. கருஞ்சிறகில் ஒளிரும் பச்சை வரிகள். பின்சிறகில் வெண்ணிற வால். மெரியன் அதனைப் பம்பளிமாசுக் கிளையோடு சேர்த்து வரைந்தார். ஆயினும் அதன் புழு உண்பது பம்பளிமாசு இலையை அன்று. ஓம்ஃபாலியா என்னும் காட்டுக்கொடியின் இலையையே. புழுவைத் தேடியே கடல் கடந்தவருக்கு இந்தப் பூச்சியின் புழு புலப்படவில்லை.

நோயுற்று 1701இல் திரும்பிய அவர், 1705இல் 60 செப்புத்தகட்டுப் படங்களுடன் சூரினாம் பூச்சிகள் பற்றிய பெருநூலை வெளியிட்டார், 1717இல் மறைந்தார். அவர் படங்களைச் சான்றாகக் கொண்டு பல பூச்சிகளுக்குப் பெயரிட்ட லின்னேயசு, 1758இல் இவ்வரிப்பூச்சியை வண்ணத்துப்பூச்சிகளோடு சேர்த்தார். நிறமும் வாலும் பகற்பறத்தலும் எவரையும் ஏமாற்றக்கூடியவை. உணர்கொம்பை நோக்கினால் வேறுபாடு விளங்கும். வண்ணத்துப்பூச்சிக்கு அதன் நுனி குமிழ்போல் பருத்திருக்கும். இதற்கோ நூல்போல் மெலிந்திருக்கும். யுரேனியா லைலசு என்று இன்று வழங்கும் அது, ஓர் அந்துப்பூச்சி.