ரத்தம் நிற்காத கிராமமும் ஸஹ்ராவியும்

அறுவை சிகிச்சையின் தந்தை என்று போற்றப்படும் அபுல் காசிம் அல் ஸஹ்ராவி, கி.பி. 936 வாக்கில் அந்தலுஸின் குர்துபா நகருக்கு அருகிலுள்ள மதீனத்துஸ் ஸஹ்ராவில் பிறந்தார். கலீஃபா இரண்டாம் ஹகமின் அரண்மனை மருத்துவராக இருந்தார். 1013 வாக்கில் மறைந்தார்.

அவரது அத்தஸ்ரீஃப் 30 பாகங்கள் கொண்ட மருத்துவ நூல். இறுதிப் பாகத்தில் சுமார் 200 அறுவைக் கருவிகளை வரைந்து விளக்கினார். 12ஆம் நூற்றாண்டில் கிரமோனாவின் ஜெரார்டு அதை லத்தீனில் பெயர்க்க, ஐரோப்பிய மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் அதைப் படித்தனர். இதெல்லாம் நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுவதுதான். அதே நூலில் உள்ள ஒரு சிறு குறிப்பை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஒரு கிராமத்தில் ஆண்களுக்குக் காயம் பட்டால் ரத்தம் நிற்காமல் ஓடி உயிரே போய்விடுவதை அவர் எழுதிவைத்தார். ஈறைத் தேய்த்ததிலேயே ரத்தம் வடிந்து சிறுவர்கள் இறந்ததும் அதில் உண்டு. வேறெங்கும் இப்படிக் கண்டதில்லை என்றார். காயத்தில் சூடு போடுவதைத்தான் அவரால் சொல்ல முடிந்தது. இன்று ஹீமோபிலியா எனப்படும் பரம்பரை நோயின் மிகப் பழைய மருத்துவப் பதிவுகளில் இது ஒன்று. அமெரிக்காவில் ஜான் ஓட்டோ இதே நோயுள்ள ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதியது 1803இல்தான்.

சிறுவர்களின் கத்னாவுக்கும் ஸஹ்ராவி தனி அத்தியாயம் எழுதினார். கத்தரிக்கோலும் நூல் கட்டும் அவர் விரும்பிய முறை. இந்த நோய் பல குழந்தைகளிடம் முதலில் வெளிப்படுவதே கத்னாவின்போதுதான்.

ரத்தம் உறைய உதவும் 8ஆம் அல்லது 9ஆம் காரணி குறைவதால் வரும் நோய் இது. பெரும்பாலும் தாய் வழியே மகனுக்கு வரும். ஆகவே மேச்சேரியில் ஒரு வீட்டில் சுன்னத்துக்கு நாள் குறிக்கும் முன், தாய்வீட்டில் விசாரிப்பது நல்லது. தாய்மாமன்மார் யாருக்காவது பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காமல் போனதா? அப்படியென்றால் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிச் சென்று டாக்டரிடம் சொல்லி, ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். நோய் உறுதியானால், குறைந்த காரணியை ஊசி மூலம் ஏற்றிய பிறகே அறுவை நடக்கும்; பிறகும் சில நாள் தொடரும். மயக்க மருந்து டாக்டருக்கும் முன்பே தெரிய வேண்டும். காரணி அளவைச் சரிசெய்யாமல் முதுகுத்தண்டில் ஊசி போட்டால், உள்ளே ரத்தம் கட்டி கால்கள் செயலிழக்கக்கூடும். வலிக்கு ஆஸ்பிரினும் கூடாது.

மூன்றில் ஒரு பங்கினருக்குக் குடும்பத்தில் இந்நோய் இருந்த அடையாளமே இராது. ஆகவே கத்னா முடிந்து மணிக்கணக்கில் ரத்தம் கசிந்தால், துணியை மாற்றிக் கட்டிக்கொண்டு வீட்டில் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.