பூட்டிக் கிடந்த பெயர்

மாமல்லபுரத்துக் கணேச ரதத்தின் சுவரில் பழைய எழுத்துகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. 200 ஆண்டுகளுக்கு முன் அவற்றைப் பார்த்தவர் பலர். படித்தறிந்தவரைக் காண்பது அரிது. இந்தக் கோயில்களைக் கட்டியவர் யார்? பாண்டவர் என்றனர் சிலர். மகாபலி என்றனர் சிலர். உண்மையில் கட்டிய மன்னனின் பெயரோ, எல்லோர் கண்ணெதிரிலும் கல்லில் பூட்டிக் கிடந்தது!

அந்தப் பூட்டைத் திறந்தவர் பெஞ்சமின் கை பாபிங்டன் என்ற ஆங்கிலேயர். 1794-ல் பிறந்த இவர், இளமையில் கப்பற்படையில் இருந்தார். பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் சென்னைக்கு வந்து தமிழ் கற்றார். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 1822-ல் வெளியிட்டார்.

மாமல்லபுரத்து எழுத்துகள் அவரை ஈர்த்தன. அவற்றின் மொழி வடமொழி. வடிவம் பழங்காலக் கிரந்தம்.

தெரியாத எழுத்தைப் படிப்பது எப்படி? தெரிந்ததிலிருந்து தொடங்க வேண்டும். பிற்கால எழுத்தோடு ஒப்பிட்டு, சாயல் உள்ளவற்றைப் பொறுக்க வேண்டும். அடிக்கடி வரும் குறி எது என்று எண்ண வேண்டும். பிறகு ஒவ்வொரு குறிக்கும் ஓர் ஒலியை ஊகிக்க வேண்டும். ஊகித்த ஒலி, அந்தக் குறி வரும் எல்லா இடங்களிலும் பொருள் தர வேண்டும். ஓரிடத்தில் இடறினாலும், மீண்டும் முதலிலிருந்து பார்க்க வேண்டியதுதான். ரகசியக் கடிதங்களைப் படிப்பவர்களுக்கும் இதுவே விதி.

மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் இன்னோர் அதிசயம் உண்டு. அங்குள்ள அதிரணசண்ட மண்டபத்தில், ஒரே செய்தி இருவகை எழுத்துகளில் இருக்கிறது. ஒன்று தென்னாட்டுக் கிரந்தம். மற்றொன்று வடநாட்டு நாகரி. ஒன்றில் ஐயம் வந்தால் மற்றொன்றைப் பார்த்துத் தெளியலாம்.

கணேச ரதம், சாளுவன்குப்பம் ஆகிய இரண்டு இடத்துக் கல்வெட்டுகளையும் பாபிங்டன் படித்தார். எழுத்துப் பட்டியலும் தயாரித்தார். லண்டன் ராயல் ஆசியக் கழகம் அவருடைய கட்டுரையை 1830-ல் அச்சிட்டது. அத்யந்தகாமன், அதிரணசண்டன் என்ற பல்லவப் பட்டப் பெயர்கள் கல்லிலிருந்து வெளிவந்தன. பாண்டவர் கட்டியதல்ல, பல்லவர் கட்டியது என்பதற்குக் கல்லே சாட்சியாயிற்று!

உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பிய பாபிங்டன், அங்கே மருத்துவம் படித்து டாக்டரானார். தொண்டைக்குள் பார்க்க உதவும் கண்ணாடிக் கருவி ஒன்றை 1829-ல் செய்து காட்டினார். 1866-ல் காலமானார்.

மறைந்திருப்பதைப் பார்ப்பதே அவர் வாழ்நாள் வேலை. அடுத்த முறை மாமல்லபுரம் போனால், சிற்பங்களோடு நின்றுவிடாமல், கணேச ரதத்தின் சுவரையும் குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.